ஜென் அறிஞர் சுசுகியும் மேற்கின் மறைஞானமும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

டி. டி. சுசுகி என்றால் ஜென் என்ற ஜப்பானிய பௌத்தப் பிரிவுதான் எல்லோருக்கும் நினைவுக்கு வரும். ஸ்வீடன் நாட்டு ஞானி இமானுவேல் ஸ்வீடன்போர்க்கின் நான்கு நூல்களை ஜப்பானிய மொழிக்குக் கொண்டுவந்தவரும் அவர்தான். சென்னை அடையாற்றைத் தலைமையிடமாகக் கொண்ட பிரம்மஞான சபையிலும் (தியோசாபிகல் சொசைட்டி) உறுப்பினராக இருந்தார். இதைச் சொன்னால் பலர் நம்புவதில்லை. நம்புகிறவர்களோ, ‘அப்படியென்றால் அவர் சொன்ன ஜென் கலப்படமா?’ என்று கேட்கிறார்கள். இந்த இரண்டு தரப்பிடமிருந்தும் வருகிற கேள்விகளை இங்கே தொகுத்துப் பதில் எழுதியிருக்கிறேன்.

யார் இந்த சுசுகி?

டெய்தாரோ சுசுகி 1870-ல் ஜப்பானின் கனசாவா நகரில் பிறந்தார். அப்பா வைத்தியர். ஆறு வயதில் அவரை இழந்த பிறகு குடும்பம் வறுமையில் விழுந்தது. பையன் படிப்பைப் பாதியில் விட்டுவிட்டு, நோட்டோ தீபகற்பத்தில் ஒரு மீனவ கிராமத்துப் பள்ளியில் ஆங்கிலம் கற்றுக்கொடுக்கப் போனான். பிற்காலத்தில் ஜப்பானின் பெரிய தத்துவவாதியான நிஷிதா கிதாரோ கனசாவாவில் அவரோடு படித்தவர். அந்த நட்பு கடைசிவரை நீடித்தது.

காமகுராவின் எங்காகுஜி மடத்தில் முதலில் இமகிதா கோசெனிடமும், அவர் 1892-ல் மறைந்த பின் ஷாகு சோயெனிடமும் ஜென் பயின்றார். ‘பேரெளிமை’ என்று பொருள்படும் டைசெட்சு என்ற பெயர் சோயென் கொடுத்தது. 1966-ல் 95 வயதில் காலமாகும்வரை எழுதிக்கொண்டே இருந்தார். ஆங்கிலம் படித்த உலகத்துக்கு ஜென் என்ற சொல் வந்து சேர்ந்ததில் இவருக்கு இணையான பங்கு வேறு யாருக்கும் இல்லை.

மேற்கத்திய மறைஞானம் என்று எதைச் சொல்கிறீர்கள்?

ஐரோப்பாவில் திருச்சபையின் அதிகாரபூர்வ போதனைக்கும் பின்னர் வந்த அறிவியலுக்கும் ஓரத்தில் ஓடிய சிந்தனைகளை மொத்தமாகச் சேர்த்துச் சொல்கிற பெயர் இது. ரசவாதம், ஜோதிடம், ஹெர்மஸ் பெயரால் வழங்கிய நூல்கள், கிறிஸ்தவர்கள் கையாண்ட கபாலா என்ற யூத மறைஞானம், ரோஸிக்ரூசியர்கள் என்ற ரகசியச் சங்கத்தார், பின்னால் உடலில் ஓடும் காந்த ஆற்றலால் நோய் தீர்ப்பதாகச் சொன்ன மெஸ்மரிசம், ஆவிகளோடு பேசுதல், பிரம்மஞானம் எல்லாம் இதற்குள் அடங்கும். கண்ணுக்குத் தெரியும் உலகுக்கும் தெரியாத உலகுக்கும் இடையில் ஓர் இசைவு உண்டு, மனிதன் அதை உணர்ந்து மாற முடியும் என்ற எண்ணம் இவற்றில் பெரும்பாலானவற்றில் ஓடுகிறது.

நெடுங்காலம் கல்வியுலகம் இதை மூடநம்பிக்கை என்று ஒதுக்கி வைத்திருந்தது. 1965-ல் பாரிஸிலும் 1999-ல் ஆம்ஸ்டர்டாமிலும் இதற்கென்றே பேராசிரியர் பதவிகள் வந்த பிறகுதான் முறையான ஆய்வுத்துறையாக வளர்ந்தது. சுசுகியின் இந்தப் பக்கம் வெளிச்சத்துக்கு வந்ததற்கும் அந்த மாற்றம் ஒரு காரணம்.

அவர் அமெரிக்கா போனது எப்படி?

1893-ல் சிகாகோவில் நடந்த சர்வமத மாநாடு நமக்கு விவேகானந்தரால் தெரியும். அதே மேடையில் ஷாகு சோயெனும் இருந்தார். அவருடைய உரையை ஆங்கிலத்தில் பெயர்த்துக் கொடுத்தது இளைஞர் சுசுகி. மாநாட்டில் சோயெனைச் சந்தித்த பால் காரஸ், ஓபன் கோர்ட் என்ற பதிப்பகத்தின் ஆசிரியர். புத்தரின் போதனைகளைத் தொகுத்து அவர் 1894-ல் வெளியிட்ட நூலை சுசுகி ஜப்பானிய மொழியாக்கினார். அந்தத் தொடர்பில் 1897-ல் இல்லினாய் மாநிலத்தின் லாசால் என்ற சிற்றூருக்குப் போய்ச் சேர்ந்தார்.

லாசால் துத்தநாக ஆலை ஊர். ஆலை முதலாளி எட்வர்ட் ஹெகலர் பணத்தில்தான் பதிப்பகம் நடந்தது. காரஸ் அவருடைய மருமகன். சுசுகி அங்கே 11 வருஷம் இருந்தார். மெய்ப்புத் திருத்தினார், சீன ஞானி லாவோ ட்சுவின் தாவ் நூலை காரஸ் மொழிபெயர்க்க உதவினார், வீட்டு வேலையும் பார்த்தார். ஜென்னும் அடங்கும் பெரும் பௌத்தப் பிரிவான மஹாயானத்தின் முக்கிய நூல், சிரத்தோத்பாத சாஸ்திரத்தை 1900-ல் ஆங்கிலத்தில் வெளியிட்டார். ஜென் ஞானி ஒருவர் அமெரிக்கச் சமவெளியில் உட்கார்ந்து அச்சுப்பிழை பார்த்துக்கொண்டிருந்த அந்த வருஷங்களை நான் மிகவும் மதிக்கிறேன். மேற்கு என்பது ஒரே குரல் அல்ல என்பதை அவர் அங்கேதான் அருகிலிருந்து கண்டார்.

ஸ்வீடன்போர்க் யார்? ஜென் அறிஞருக்கு அவரிடம் என்ன வேலை?

இமானுவேல் ஸ்வீடன்போர்க் 1688-ல் ஸ்டாக்ஹோமில் பிறந்தவர். சுரங்கத்துறை அதிகாரி, உலோகவியல் அறிந்தவர், மூளையின் அமைப்பை ஆராய்ந்தவர். ஐம்பது வயது தாண்டிய பிறகு அவருக்குத் தரிசனங்கள் வரத் தொடங்கின. சொர்க்கத்திலும் நரகத்திலும் உலவி, தேவதைகளோடு பேசியதாக எழுதினார். அதுவும் பரவசக் கூச்சலோடு அல்ல. ஓர் அதிகாரி சுரங்கத்தைப் பார்வையிட்டு வந்து அறிக்கை எழுதுகிற நிதானத்தோடு. 1772-ல் லண்டனில் இறந்தார்.

அவர் சொன்னதில் மூன்று விஷயங்களை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டால் போதும். ஒன்று, கடவுள் யாரையும் நரகத்தில் தள்ளுவதில்லை. மனிதன் எதை உயிராக நேசிக்கிறானோ அது அவனைத் தன் இடத்துக்கு இழுத்துக்கொண்டு போகிறது. இரண்டு, இயற்கையில் உள்ள ஒவ்வொரு பொருளுக்கும் ஆன்ம உலகில் ஓர் ஒப்பு உண்டு. மூன்று, ‘நல்லது செய்தேன், அது என்னுடையது’ என்ற உரிமையுணர்வுதான் கேட்டின் வேர்.

இப்போது சுசுகிக்கு வருவோம். பிலடெல்பியாவில் ஆல்பர்ட் எட்மண்ட்ஸ் என்ற நூலகர் இருந்தார். பௌத்த நூல்களையும் கிறிஸ்தவ நற்செய்திகளையும் பக்கத்தில் பக்கம் வைத்து ஒப்பிட்டவர், ஸ்வீடன்போர்க்கின் வாசகர். அவர் வழியாகத்தான் சுசுகி ஸ்வீடன்போர்க்கிடம் வந்தார். 1908-ல் அமெரிக்காவை விட்டு ஐரோப்பா போனபோது லண்டனின் ஸ்வீடன்போர்க் சங்கம் அவரை மொழிபெயர்க்கக் கேட்டுக்கொண்டது. சொர்க்கமும் நரகமும் பற்றிய நூல் 1910-ல் ஜப்பானிய மொழியில் வந்தது. 1914, 1915 ஆண்டுகளில் இன்னும் மூன்று நூல்கள் வந்தன. நடுவில் 1913-ல் ஸ்வீடன்போர்க்கைப் பற்றி ஜப்பானிய மொழியில் தனி நூலே எழுதினார். 1910-ல் லண்டனில் நடந்த சர்வதேச ஸ்வீடன்போர்க் மாநாட்டிலும் கலந்துகொண்டார்.

சுசுகியைப் புகழ்பெறச் செய்த ஜென் கட்டுரைத் தொகுதிகள் 1927-லிருந்துதான் வரத் தொடங்கின. அதாவது ஜென் பற்றிய பெரிய நூல்களுக்கு முன்னாலேயே அவர் ஸ்வீடன்போர்க்கில் சில வருஷங்களைச் செலவழித்திருக்கிறார். இதைப் பொழுதுபோக்கு என்று ஒதுக்க முடியாது.

அந்த ஒப்பீடு எதில் இருக்கிறது? சும்மா ‘எல்லா மதமும் ஒன்று’ என்பதுதானா?

இல்லை, அதைவிடக் கூர்மையானது. 1924-ல் எழுதிய ஒரு கட்டுரையில் ஸ்வீடன்போர்க்கின் சொர்க்கத்தை ‘பிற ஆற்றல்’ என்ற ஜப்பானியக் கருத்தோடு வைத்துப் பார்க்கிறார். ஜப்பானிய பௌத்தத்தில் இரண்டு வழிகள் பேசப்படும். தன் முயற்சியால் விழிப்படைவது ஒன்று. ஜென் அதில் சேரும். அமிதாப புத்தரின் கருணை ஆற்றலிடம் தன்னை ஒப்படைப்பது இன்னொன்று. அது சுகாவதி மார்க்கம்.

நம் வைணவத்தில் சொல்லும் குரங்குப் பிடி, பூனைப் பிடி ஞாபகம் வருகிறதா? குட்டி தாயைப் பிடித்துக்கொள்ள வேண்டுமா, தாய் குட்டியைக் கவ்விக்கொண்டு போவாளா என்ற அதே கேள்விதான். சுசுகி இந்த உவமையைச் சொல்லவில்லை, விளக்கத்துக்காக நான் எடுத்துக்கொள்கிறேன். ஸ்வீடன்போர்க்கின் ‘என்னுடையது என்ற உரிமையுணர்வை விடு’ என்ற போதனை பூனைப் பிடிக்கு நெருக்கமாக இருப்பதை சுசுகி கண்டார். தன்னால் ஆகிறது என்ற எண்ணம் கழலும் இடத்தில்தான் நன்மை உள்ளே வருகிறது என்பதை அவர் இரண்டு மரபிலும் படித்தார். அதேபோல ஒப்புகள் பற்றிய கொள்கையை, காணும் பொருள் எல்லாம் புத்தரின் உடலே என்று சொல்லும் ஷிங்கோன் மரபோடு பொருத்திப் பார்த்தார்.

ஒப்பீடு முழுக்கச் சரியா என்றால், சில இடங்களில் நீட்டி இழுக்கிறார் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. ஸ்வீடன்போர்க்குக்குப் படைத்த கடவுள் ஒருவர் உண்டு, அவரை விட்டுவிட்டால் மீதி நிற்காது. பௌத்தத்தில் அந்த நாற்காலியே கிடையாது. சுசுகி இந்த வேறுபாட்டின் மேல் கொஞ்சம் வேகமாக நடந்துபோகிறார்.

ஸ்வீடன்போர்க்கை பௌத்தத்தோடு சேர்த்தது அவர்தான் முதலா?

இல்லை. கலிபோர்னியாவில் ‘பிலாங்கி தாசா’ என்ற பெயரில் எழுதிய ஸ்வீடன் நாட்டவர் ஒருவர் 1887-லேயே ஸ்வீடன்போர்க்கை பௌத்தராகக் காட்டி ஒரு நூல் வெளியிட்டார். 1893-ல் அது ஜப்பானிய மொழியிலும் வந்துவிட்டது.

அடையாறு இந்தக் கதைக்குள் எப்படி வருகிறது?

சுசுகிக்கு ஒரு தலைமுறை முன்னாலேயே வருகிறது. பிரம்மஞான சபை 1875-ல் நியூயார்க்கில் தொடங்கி, 1882-ல் அடையாற்றில் தோட்டம் வாங்கிக் குடியேறியது. அதன் தலைவர் கர்னல் ஆல்காட் இலங்கையில் பௌத்தக் கல்விக்காக உழைத்தவர். அவர் எழுதிய பௌத்த வினாவிடை நூல் 1886-லேயே ஜப்பானிய மொழிக்குப் போய்விட்டது.

அந்தக் காலத்து ஜப்பானில் பௌத்தம் அடிமேல் அடி வாங்கியிருந்தது. 1868-ல் மெய்ஜி ஆட்சி வந்ததும் கோயில்கள் இடிக்கப்பட்டன, மடங்கள் நிலம் இழந்தன, இன்னொரு பக்கம் கிறிஸ்தவ மிஷனரிகள் வந்து இறங்கினார்கள். இந்தச் சமயத்தில் ஒரு வெள்ளைக்காரரே பௌத்தத்தை உயர்த்திப் பேசுகிறார் என்ற செய்தி அங்கிருந்த இளம் பௌத்தர்களுக்கு எப்படி இருந்திருக்கும்! நோகுச்சி ஜென்ஷிரோ என்பவர் 1888-ன் இறுதியில் கப்பலேறி அடையாறு வந்து ஆல்காட்டை நேரில் அழைத்தார். ஆல்காட்டும் இலங்கையின் இளைஞர் அநகாரிக தர்மபாலாவும் 1889 பிப்ரவரியில் கோபே துறைமுகத்தில் இறங்கினார்கள். சுமார் நான்கு மாதத்தில் எழுபதுக்கும் மேற்பட்ட கூட்டங்களில் ஆல்காட் பேசினார். தர்மபாலாவோ உடம்பு சரியில்லாமல் அந்தப் பயணத்தின் பெரும்பகுதியை கியோட்டோ மருத்துவமனையில் கழித்தார்.

ஆரவாரம் சீக்கிரமே அடங்கியது. ஆல்காட் மனதில் இருந்த பௌத்தம், இலங்கையில் கற்ற தேரவாதம் என்ற பழைய பிரிவு. அமிதாபரின் பெயரைச் சொல்லி வணங்குகிற ஜப்பானிய மக்களின் பௌத்தம் அதில் அடங்கவில்லை. 1891-ல் மறுபடி போய், எல்லா பௌத்தர்களும் ஏற்கத்தக்க 14 பொதுக் கருத்துகளைத் தயாரித்துக் கையெழுத்து வாங்கினார். அதற்கு மேல் அது வளரவில்லை. ஆனால் அவர் போட்ட தடத்தில் பிறகு பலர் நடந்தார்கள். நோகுச்சியும் அவருடைய கூட்டாளி ஹிராய் கின்சாவும் 1893-ல் சிகாகோ மாநாட்டுக்குப் போனவர்கள்தான்.

தமிழ்நாட்டு வாசகர்கள் இன்னொன்றையும் இதோடு சேர்த்து யோசிக்கலாம். இதே ஆல்காட்தான் 1898-ல் அயோத்திதாச பண்டிதர் கொழும்பு சென்று பௌத்தம் ஏற்கத் துணைநின்றவர். ஜப்பானில் மடங்களுக்குத் தன்னம்பிக்கை கொடுத்த அதே அடையாற்று வீடு, சென்னையில் ஒடுக்கப்பட்ட மக்களின் பௌத்தத்துக்கும் ஒரு கதவாக இருந்தது. இந்த இரண்டையும் தனித்தனிக் கதைகளாகவே இதுவரை எழுதி வந்திருக்கிறோம்.

சுசுகி உண்மையிலேயே பிரம்மஞான சபை உறுப்பினரா?

ஆம். 1919-ல் ஐரிஷ் கவிஞர் ஜேம்ஸ் கசின்ஸ் மதனப்பள்ளியிலிருந்து டோக்கியோவின் கெயோ பல்கலைக்கழகத்துக்குக் கற்பிக்கப் போனார். ‘ஜன கண மன’ பாடலின் மெட்டுக்கு இசைக்குறிப்பு எழுதிய மார்கரெட் கசின்ஸின் கணவர் இவர். அவர் முயற்சியில் 1920-ல் டோக்கியோவில் சபையின் கிளை ஒன்று அமைந்தது. சுசுகி தம்பதியர் அதில் சேர்ந்தார்கள். 1921-ல் ஒட்டானி பல்கலைக்கழகப் பணிக்காக கியோட்டோ போன பிறகு, 1924-ல் அங்கே ‘மஹாயானக் கிளை’ தொடங்கியது. உள்ளூர் பௌத்தப் பேராசிரியர்கள் சிலரும் அதில் இருந்தார்கள்.

பிரம்மஞான சபையில் சேர்ந்தது மனைவிக்காகத்தானே?

இந்தக் கேள்வி வரும்போதெல்லாம் எனக்கு வருத்தமாக இருக்கும், ஏனென்றால் அந்த அம்மாளை ஒரு காரணமாக மட்டும் சுருக்கிவிடுகிறது. பீட்ரிஸ் லேன் அமெரிக்கர், கொலம்பியா பல்கலைக்கழகத்தில் படித்தவர். 1911-ல் யோகோஹாமாவில் சுசுகியை மணந்தார். சபை ஈடுபாடு அவரிடம்தான் கூடுதல், அது உண்மை. ஆனால் அவருடைய சொந்தப் புலமை ஷிங்கோன் மரபில் இருந்தது. ஷிங்கோன் மடங்கள் இருக்கும் கோயாசான் மலைக்குப் போய், குருமாரிடம் நேரடியாகக் கற்று எழுதினார்.

1921-ல் ஒட்டானியிலிருந்து வெளிவரத் தொடங்கிய ஆங்கில பௌத்த ஆய்விதழைக் கணவனும் மனைவியும் சேர்ந்தே நடத்தினார்கள். சுசுகியின் ஆங்கிலத்தைச் செப்பம் செய்ததில் பீட்ரிஸின் கை உண்டு. தெருநாய்களையும் பூனைகளையும் காமகுராவில் காப்பகம் வைத்துப் பராமரித்தார். மஹாயானம் பற்றி அவர் எழுதிய நூல் 1938-ல் வெளிவந்தது. அடுத்த ஆண்டே இறந்துபோனார். ஜென்னைப் பற்றிய எத்தனையோ புத்தகங்களில் இவர் பெயர் ஓர் அடிக்குறிப்பாகக்கூட இல்லை. இது சரிசெய்யப்பட வேண்டிய குறை.

ஷிங்கோனும் ‘மறை பௌத்தம்’தானே? பிரம்மஞானிகள் சொன்ன மறை பௌத்தமும் அதுதானா?

பெயர் ஒன்று, பொருள் வேறு. 1883-ல் ஏ. பி. சின்னெட் என்ற பிரம்மஞானி மறை பௌத்தம் என்று தலைப்பிட்டு எழுதியது, மகாத்மாக்கள் என்று பிரம்மஞானிகள் அழைத்த மறைவான குருமார் கடிதம் மூலம் சொன்னதாக அவர் நம்பிய அண்டவியல். ஷிங்கோன் என்பது மந்திரம், முத்திரை, மண்டலம் கொண்ட தாந்திரிக பௌத்தம். கூகாய் என்ற துறவி 806-ல் சீனாவிலிருந்து ஜப்பானுக்குக் கொண்டுவந்தது. அந்த மரபின் குரு வரிசையில் வரும் வஜ்ரபோதி எட்டாம் நூற்றாண்டில் தென்னிந்தியாவிலிருந்து இலங்கை வழியாகச் சீனா போனவர். பல்லவர் காஞ்சியோடு அவருக்குத் தொடர்பு இருந்ததாகச் சீன வரலாறுகள் சொல்கின்றன. போதிதர்மரைப் பற்றி இவ்வளவு பேசுகிற நாம் வஜ்ரபோதியை ஏன் மறந்தோம் என்று தெரியவில்லை.

ரெய்கியும் இதில் சேருமா?

சேரும். ரெய்கியைத் தொன்மையான திபெத்திய வித்தை என்று விளம்பரம் செய்பவர்கள் உண்டு. உசுய் மிகாவோ என்பவர் 1922-ல் ஜப்பானில் தொடங்கிய, கைகளை வைத்து நோய் தீர்க்கும் முறை அது. அந்தச் சமயத்தில் ஜப்பானில் மன ஆற்றலால் நோய் தீர்க்கும் முறைகள் ஏராளமாக இருந்தன. அவற்றில் மெஸ்மரிசமும் ஹிப்னாடிசமும் கலந்திருந்தன. ‘யோகி ராமசரகா’ என்ற பெயரில் அமெரிக்கர் ஒருவர் எழுதிய பிராண சிகிச்சையும் ஜப்பானிய மொழிக்கு வந்து பரவியிருந்தது. அந்த அமெரிக்கரின் உண்மைப் பெயர் வில்லியம் வாக்கர் அட்கின்சன். ‘பிராணன்’ நம்மூர்ச் சொல், சிகாகோவில் வேஷம் மாற்றி, டோக்கியோ போய்ச் சேர்ந்தது! இந்த வழித்தடங்களைப் பொறுமையாகத் தோண்டி எடுத்தவர்களில் முதன்மையானவர் 2022-ல் மறைந்த ஜப்பானிய ஆய்வாளர் யோஷினாகா ஷினிச்சி.

அப்படியானால் சுசுகி சொன்ன ஜென் மேற்கத்தியச் சரக்கா?

இதற்கு ஒரே வார்த்தையில் பதில் கேட்கிறார்கள், கொடுக்க முடியாது. ராபர்ட் ஷார்ப் போன்ற ஆய்வாளர்கள் ஒரு வலுவான குற்றச்சாட்டை வைக்கிறார்கள்: மடத்தில் சடங்கு, ஒழுங்கு, பாராயணம் என்று வாழப்பட்ட ஜென்னை, ‘தூய அனுபவம்’ என்ற ஒற்றைப் புள்ளியாகச் சுருக்கியவர் சுசுகி, அந்த ‘அனுபவம்’ என்ற கருத்தே அமெரிக்க உளவியலாளரும் தத்துவவாதியுமான வில்லியம் ஜேம்ஸிடமிருந்து வந்தது என்று. ஜேம்ஸின் நூலை சுசுகி அமெரிக்காவில் படித்து, நண்பர் நிஷிதாவுக்குக் கடிதத்தில் பரிந்துரைத்தது உண்மைதான். 1953-ல் சீன அறிஞர் ஹூ ஷியும் ஏறக்குறைய இதே திசையில் மோதினார். ஜென்னைச் சீன வரலாற்றுக்குள் வைத்துத்தான் புரிந்துகொள்ள முடியும் என்றார் அவர். வரலாறு அதன் வெளிப்பக்கத்தை மட்டுமே தொடும் என்றார் சுசுகி.

என் பார்வையில் ஹூ ஷி பக்கம் நியாயம் அதிகம். ஆனால் அதனால் சுசுகி போலியாகிவிடவில்லை. அவர் எங்காகுஜியில் வருஷக்கணக்கில் அமர்ந்து பயின்றவர், மஹாயான நூலான லங்காவதார சூத்திரத்தை சமஸ்கிருதத்திலிருந்து 1932-ல் ஆங்கிலத்தில் தந்தவர், சீனாவின் துன்ஹுவாங் குகைகளில் கிடைத்த பழைய சுவடிகளில் உழைத்தவர். தான் உள்ளே கண்டதைச் சொல்ல அவருக்கு ஒரு மொழி வேண்டியிருந்தது. மேற்கின் தேவாலய மொழி அதற்குப் பொருந்தவில்லை, ஆய்வுக்கூட மொழியும் பொருந்தவில்லை. ஸ்வீடன்போர்க், ஜேம்ஸ், பிரம்மஞானிகள் பேசிய ஓரத்து மொழி பொருந்தியது. அதை எடுத்துக்கொண்டார். எடுத்துக்கொண்டபோது ஜென்னும் கொஞ்சம் மாறியது, அந்த மொழியும் கொஞ்சம் மாறியது.

அவர் போரை ஆதரித்தார் என்கிறார்களே?

ஜென்னும் போரும் பற்றி பிரையன் விக்டோரியா 1997-ல் எழுதிய நூலுக்குப் பிறகு இந்த விவாதம் பெரிதானது. 1896-ல் சுசுகி எழுதிய முதல் நூலில் அரசுக்கும் மதத்துக்கும் உள்ள உறவைப் பற்றிச் சொன்னவை, 1938-ல் ஜென்னையும் வாள்வீச்சையும் இணைத்து எழுதியவை ஆகியவற்றைக் காட்டுகிறார்கள். அவருடைய தனிப்பட்ட கடிதங்களில் ராணுவவாதத்தின் மேல் வெறுப்பு தெரிகிறது என்று மறுதரப்பு சொல்கிறது. வாளைப் பற்றிய பக்கங்கள் அந்த ஆண்டில் எழுதப்பட்டிருக்கக் கூடாது என்பதே என் எண்ணம்.

யுங் போன்றவர்களோடு அவருக்குத் தொடர்பு உண்டா?

உண்டு. சுசுகியின் ஜென் அறிமுக நூலின் ஜெர்மன் பதிப்புக்கு 1939-ல் ஸ்விஸ் உளவியலாளர் கார்ல் யுங் முன்னுரை எழுதினார். ஸ்விட்சர்லாந்தின் அஸ்கோனாவில் ஏரிக்கரையில் நடக்கும் எரானோஸ் என்ற அறிஞர் கூட்டங்களில் சுசுகி 1953, 1954 ஆண்டுகளில் பேசினார். இஸ்லாமிய மெய்ஞ்ஞானத்தை ஆய்ந்த ஆன்றி கோர்பேன் அங்கே அவரோடு உணவருந்தியதை எழுதிவைத்திருக்கிறார். மேற்கின் ஆன்மிகத்தோடு உங்களுக்கு முதல் தொடர்பு எது என்று கேட்டார்களாம். ஸ்வீடன்போர்க்கின் நான்கு நூல்களை மொழிபெயர்த்ததைச் சொன்ன சுசுகி, அவரே மேற்கத்தியர்களாகிய உங்களுக்கு புத்தர் என்றார். பேச்சு ஸ்வீடன்போர்க் வர்ணிக்கும் சொர்க்கத்தின் பக்கம் போனபோது, மேசையிலிருந்த கரண்டியைத் தூக்கிக் காட்டி, இந்தக் கரண்டி இப்போது சொர்க்கத்தில் இருக்கிறது, நாமும் இப்போது அங்கேதான் இருக்கிறோம் என்று சிரித்தாராம். அப்போது அவருக்கு வயது எண்பதுக்கு மேல். ஸ்வீடன்போர்க்கைப் பற்றித் தனியாக எழுதுவதை நிறுத்திப் பல வருஷம் ஆகியிருந்தது.

சரி, எங்கிருந்து படிக்கத் தொடங்கலாம்?

ஜென் கட்டுரைகளிலிருந்து தொடங்க வேண்டாம் என்பேன். 1913 ஸ்வீடன்போர்க் நூலும் 1924 கட்டுரையும் ஆங்கிலத்தில் ஒரே தொகுப்பாகக் கிடைக்கின்றன, சிறிய புத்தகம்தான். அதை முடித்துவிட்டு அப்புறம் ஜென் கட்டுரைகளுக்குப் போனால், ‘தன்னை விடுதல்’ என்று அவர் சொல்லும் ஒவ்வொரு இடத்திலும் சுகாவதி மார்க்கத்தின் குரலும் சேர்ந்து கேட்கும். இடையில் பீட்ரிஸின் மஹாயான நூலையும் எடுத்துப் பாருங்கள். கோயில்களுக்கு நேரில் போய், பூசையைப் பார்த்து, விசாரித்து எழுதிய ஒருவரின் பக்கங்கள் அவை.